விளையாடுகிற கேமைப் பற்றித் தமிழில் வீடியோ போட: காவிரி டெல்டாவிலிருந்து தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு. வேலை முடிந்து வந்து இரவில் ஒன்றிரண்டு மணி நேரம் கேம் ஆடுவேன். ஆடியதில் பிடித்ததையும் பிடிக்காததையும் தமிழில் பேசி யூடியூபில் போடுவேன். முதல் வீடியோ போட்ட நாளிலிருந்து முதல் பணம் வங்கிக் கணக்கில் ஏறிய நாள்வரை இரண்டே கால் வருடம் ஆனது. பேசப் பழகுவதற்கு ஆன காலத்தை நான் குறையாக நினைக்கவில்லை. ஆனால் ஒரு தபால் வராமல் போனது, பெயரில் ஒரு எழுத்து இடித்தது, கோயில் ஸ்பீக்கரில் ஓடிய பாட்டு என் வீடியோவுக்குள் ஏறிக்கொண்டது என்று எட்டு ஒன்பது மாதம் வீணாகப் போனது. யாராவது முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனையும் மிச்சமாகியிருக்கும். நீங்கள் அந்த அலைச்சல் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மன்னார்குடியோ, பாபநாசமோ, மயிலாடுதுறைப் பக்கத்து ஒரு குக்கிராமமோ, எங்கிருந்து வேண்டுமானாலும் இதைச் செய்யலாம். இதற்காகச் சென்னைக்குப் போகத் தேவையில்லை.

1. முதல் வீடியோவுக்கு முன்னால் பெயரைச் சரிசெய்யுங்கள்

எல்லோரும் இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். நானும் அப்படித்தான் விட்டேன். இப்போது யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

நம் ஊர்ப் பெயர்களில் இருக்கிற பிரச்சினையே இனிஷியல்தான். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் நிற்கும். ஆதாரில் பின்னால் போயிருக்கும். பான் அட்டைக்கான விண்ணப்பத்தில் இனிஷியலை ஏற்க மாட்டார்கள் என்பதால் அங்கே அப்பா பெயர் முழுதாக விரிந்து நிற்கும். வங்கிப் பாஸ்புக்கில் கணக்குத் தொடங்கிய அன்று எழுத்தர் தட்டியது எதுவோ அது. ஆக ஒரே ஆளுக்கு நான்கு பெயர். ஊருக்குள் இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. வெளிநாட்டிலிருந்து பணம் வரும்போதுதான் இடிக்கும்.

கூகுள் ஆட்சென்ஸ் என்கிற கணக்கு வழியாகத்தான் யூடியூப் பணம் வருகிறது. அந்தக் கணக்கில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் ஆங்கில எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும். என் யோசனை: பான் அட்டையில் உள்ள பெயரை மூலமாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு ஒப்பாக மாற்றுங்கள். வங்கியில் பெயர் திருத்த ஒரு வெள்ளைத்தாளில் விண்ணப்பம், பான் நகல், ஆதார் நகல், பாஸ்புக் ஆகியவற்றைக் கொண்டுபோனேன். செலவு ஒன்றும் இல்லை, 12 நாள் ஆனது. பானிலேயே எழுத்துப் பிழை இருந்தால் அதை முதலில் திருத்துங்கள். எனக்கு அதற்கு 107 ரூபாய் ஆனது, அட்டை வீட்டுக்கு வர மூன்று வாரம்.

வயது 18 ஆகவில்லை என்றால் ஆட்சென்ஸ் உங்கள் பெயரில் கிடைக்காது. அப்பா அல்லது அம்மா பெயரில்தான் திறக்கவேண்டும். அப்போது பான், வங்கி, முகவரி எல்லாமே அவர்களுடையதாக இருக்கவேண்டும். பாதி உங்களுடையது, பாதி அவர்களுடையது என்று கலந்துவிடாதீர்கள்.

2. கணக்கை உங்கள் கையாலேயே தொடங்குங்கள்

நான் ஒரு பிரவுசிங் சென்டரில் கொடுத்துத் தொடங்கச் சொன்னேன். அங்கிருந்தவர் மீட்பு எண்ணாகத் தன் கைப்பேசி எண்ணைப் போட்டுவிட்டார். எட்டு மாதம் கழித்து எனக்கு வேறு கைப்பேசியிலிருந்து உள்ளே நுழைய வேண்டியிருந்தது. ஓடிபி அவருக்குப் போனது. அவரோ கடையைக் காலி செய்துவிட்டு வேறு ஊருக்குப் போயிருந்தார். தேடிப் பிடித்து எண்ணை மாற்ற ஒரு மாதம் அலைந்தேன்.

உங்கள் எண், உங்கள் மின்னஞ்சல், இரண்டடுக்குப் பாதுகாப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும்). இது போதும். நாடு எது என்று கேட்கும் இடத்தில் இந்தியா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஆட்சென்ஸில் நாட்டை அப்புறம் மாற்ற முடியாது. கைப்பேசி எண்ணை யூடியூபில் சரிபார்த்துக்கொண்டால்தான் 15 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோ போடலாம், வீடியோவின் முகப்புப் படமும் (தம்ப்நெயில்) நீங்களே வைக்கலாம். இதையெல்லாம் ஒரே நாளில் முடித்துவிடலாம்.

3. எதற்குச் செலவு செய்வது

முதல் செலவு மைக்தான். காலரில் மாட்டுகிற வயர் மைக் ஒன்று 900 ரூபாய்க்கு வாங்கினேன். இன்றுவரை அதுதான் ஓடுகிறது. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பார்ப்பார்கள். குரல் கரகரத்தால் அரை நிமிடத்தில் போய்விடுவார்கள்.

கம்ப்யூட்டர் இல்லையென்றால் கைப்பேசியிலேயே தொடங்குங்கள். பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஆடுகிறவர்கள் நம் பக்கம் தெருவுக்கு நாலு பேர். ஸ்டார்டியூ வேலி, மைன்கிராஃப்ட் எல்லாம் கைப்பேசியிலும் உண்டு. கைப்பேசிகளில் திரையைப் பதிவு செய்யும் வசதி இப்போது கூடவே வருகிறது. ஒரு வருடம் அதில் ஓட்டிவிட்டுத்தான் கும்பகோணத்தில் 28,000 ரூபாய்க்குக் கிராஃபிக்ஸ் கார்டு போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்று எடுத்தேன். பிறகு 2,800 ரூபாய்க்கு யுபிஎஸ். இதில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது.

கேம் வாங்க அவசரப்படாதீர்கள். எபிக் கேம்ஸ் என்கிற இணையக் கடையில் வியாழக்கிழமைதோறும் ஏதாவது ஒரு கேம் இலவசமாகக் கிடைக்கும். நம் நேரப்படி இரவு 8:30க்கு வரும், அமெரிக்காவில் குளிர்காலம் என்றால் 9:30. அந்த வாரத்துக்குள் எடுத்துக்கொண்டால் அது என்றென்றும் உங்களுடையது. ஸ்டீம் என்கிற இன்னொரு இணையக் கடையில் வருடத்துக்கு நான்கு பெரிய தள்ளுபடி வரும். ரூபாயிலேயே விலை போட்டிருக்கும், யுபிஐயில் கட்டலாம். வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குள் இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். நம் கம்ப்யூட்டரில் ஓடுமா ஓடாதா என்று பார்க்க அந்த 2 மணி நேரம் போதும்.

இதிலே ஒரு நியாயம் இருக்கிறது. 'வெண்பா' என்று 2023இல் வந்த கேம். கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை, இட்லி புட்டு என்று சமைத்துக்கொண்டே நகரும். 2 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முடித்துவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. செய்யாதீர்கள். சின்னக் குழு ஒன்று நம் வீட்டு அடுப்படியைக் கேமாக எடுத்திருக்கிறது. அதைப் பற்றிப் பேசி வீடியோ போடப்போகிற நாம் அதற்குரிய காசைக் கொடுப்பதுதான் முறை.

4. அறையும் நேரமும்

டெல்டாவில் அமைதியான நேரம் என்று ஒன்றைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். ஆடியில் அம்மன் கோயில் ஸ்பீக்கர். மார்கழியில் விடியற்காலை 4:30க்கே பாட்டு. தை, மாசியில் அறுவடை மெஷின் இரவிலும் ஓடும். மழை விட்ட இரவில் தவளைச் சத்தம் மைக்கில் எப்படி விழும் என்று கேட்டால்தான் தெரியும், ஒரு வரி கூடத் தெளிவாக வராது.

நான் இரவு 10:30க்கு மேல்தான் பேசுவேன். ஃபேனை நிறுத்தவேண்டும். சித்திரையில் கஷ்டம்தான், பத்துப் பத்து நிமிடமாகப் பேசி இடையில் ஃபேனைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எதிரொலிக்குக் கடையில் விற்கிற பஞ்சுப் பலகை எதுவும் வாங்கவேண்டாம். எங்கள் வீட்டில் நெல் மூட்டை அடுக்கும் அறை ஒன்று உண்டு. ஒருநாள் வேறு இடமில்லாமல் அதில் உட்கார்ந்து பேசினேன். கேட்டுப் பார்த்தால் ஸ்டுடியோவில் பேசியது மாதிரி இருந்தது. சுவரெல்லாம் சாக்கு, சாக்குக்குள் நெல், குரல் திரும்பி வர வழியே இல்லை. மூட்டையை விற்றுவிட்ட மாதங்களில் கயிறு கட்டி இரண்டு ஜமுக்காளமும் ஒரு பழைய மெத்தையும் தொங்கவிடுகிறேன். அதுவும் போதும்.

5. பதிவு செய்யும் முறை

கம்ப்யூட்டரில் திரையைப் பதிவு செய்யும் ஓபிஎஸ் ஸ்டுடியோ இலவசம். அதில் மூன்று விஷயத்தை மட்டும் முதலிலேயே சரியாக வைத்துவிடுங்கள்.

பதிவு வடிவம் எம்கேவி என்று இருக்கட்டும். சாதாரண எம்பி4 என்று வைத்து, நடுவில் கரண்ட் போனால் கோப்பு திறக்கவே திறக்காது. எம்கேவியாக இருந்தால் கரண்ட் போன நொடிவரை பத்திரமாக இருக்கும். பிறகு ஓபிஎஸ்ஸிலேயே ஒரு நிமிடத்தில் எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம். நான் ஒரு இரவு முழுவதும் ஆடியது இப்படித்தான் போனது, யுபிஎஸ் வாங்குவதற்கு முன்னால்.

கேம் சத்தம் ஒரு தடம், உங்கள் குரல் இன்னொரு தடம் என்று பிரித்துப் பதியுங்கள். பின்னால் கேமின் இசையில் காப்புரிமைப் பிரச்சினை வந்தால் குரலை மட்டும் வைத்துக்கொண்டு இசையை எடுத்துவிடலாம். ஒரே தடத்தில் பதிந்திருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

மூன்றாவது, பதிவைத் தொடங்கும் முன் ஒரு நிமிடம் பேசிப் பதிந்து கேளுங்கள். மைக் செருகப்படாமல் 50 நிமிடம் பேசியவர்களை எனக்குத் தெரியும்.

வெட்டி ஒட்ட டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே போதும். கைப்பேசி என்றால் கைன்மாஸ்டர்.

6. எவ்வளவு ஆடிய பிறகு பேசுவது

இப்போது ஆடிக்கொண்டிருக்கிற கேமைப் பற்றிப் பேசுவதற்கு அதை முடித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எவ்வளவு ஆடியிருக்கிறீர்கள் என்பதை முதல் நிமிடத்தில் சொல்லிவிடவேண்டும். "6 மணி நேரம் ஆடியிருக்கேன், இந்த கம்ப்யூட்டர்ல ஆடினேன், தள்ளுபடியில இவ்வளவுக்கு வாங்கினேன்." இந்த மூன்றும் சொல்லிவிட்டால் கேட்கிறவருக்கு உங்கள் கருத்தை எடைபோட ஒரு படிக்கல் கிடைத்துவிடும்.

பெரிய கேம் என்றால் 5 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடிவிட்டு நல்லது கெட்டது சொல்லாதீர்கள். 'ஸ்டார்டியூ வேலி'யை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு நாள் என்பது நம் நேரத்தில் 14 நிமிடம். 28 நாள் ஒரு பருவம், நாலு பருவம் ஒரு வருடம். முதல் பருவம் முடியவே ஆறரை மணி நேரம் ஆகும். அதில் நெல் நாற்று கடையில் விற்பனைக்கு வருவது இரண்டாம் வருடத்தில். மூன்று மணி நேரம் ஆடிவிட்டு "இதில் நெல் கிடையாது" என்று நான் முதல் வீடியோவில் சொன்னேன். தப்பு. தெரிந்தவுடன் அந்த வீடியோவின் கீழே திருத்தம் எழுதிவைத்தேன். தப்பு நேர்ந்தால் நீங்களும் அப்படிச் செய்யுங்கள், வீடியோவை அழிக்கவேண்டாம்.

7. என்ன பேசுவது

இதில்தான் நான் அதிக காலம் தடுமாறினேன். முதல் முப்பது வீடியோவில் நான் பேசியது மற்றவர்கள் பேசியதுதான். கிராஃபிக்ஸ் அருமை, கதை சுமார், சண்டை நன்றாக இருக்கிறது, பத்துக்கு எட்டு. ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் திருப்பிச் சொன்னேன். யாரும் பார்க்கவில்லை. பார்க்கவும் காரணமில்லை.

அப்புறம் 'சகுனா: ஆஃப் ரைஸ் அண்ட் ரூயின்' வாங்கினேன். 2020இல் வந்த ஜப்பான் கேம். பாதி நேரம் சண்டை, பாதி நேரம் நெல் சாகுபடி. விதை நெல்லைத் தரம் பிரிப்பது, மண்ணைக் கிளறிக் கல் பொறுக்குவது, நாற்று நடுவது, தண்ணீர் வைப்பது வடிப்பது, களை எடுப்பது, அறுத்துக் காயப்போட்டு அடித்து உமி நீக்குவதுவரை எல்லாவற்றையும் நம் கையாலேயே செய்யவேண்டும். தண்ணீரும் உரமும் தப்பினால் விளைச்சலில் அது தெரியும்.

நான் நட்டுக்கொண்டிருந்தபோது அப்பா பின்னால் வந்து நின்றார். வழக்கமாக ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அன்று போகவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"டேய் தம்பி, இவ்வளவு நெருக்கி நட்டா எப்படிடா தூர் கட்டும்? காத்துப் போக இடம் வேணாமா?"

தள்ளி நட்டேன். திரையில் கேமின் நாயகி பின்பக்கமாக அடியெடுத்து வைத்து நட்டுக்கொண்டே வந்தாள். அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்னால நடந்து நடுது பாரு. நடவு தெரிஞ்சவன் எவனோதான் இதைச் செஞ்சிருக்கான்."

நடுகிறவர்கள் பின்னோக்கித்தான் போவார்கள், முன்னால் போனால் நட்டதையே மிதிக்க வேண்டிவரும். நான் பிறந்ததிலிருந்து பார்த்த காட்சி. கேமில் அது இருப்பதை 4 மணி நேரம் ஆடியும் நான் கவனிக்கவில்லை. அப்பா ஒரு பார்வையில் பிடித்துவிட்டார்.

அந்த வீடியோவில் மதிப்பெண் கொடுக்கவில்லை. அப்பா சொன்னது, தண்ணீர் மட்டத்தைப் பற்றி நாங்கள் இருவரும் வாதாடியது, அந்த கேமில் ஒரு பருவத்துக்கு மூன்றே நாள் என்று கேட்டதும் அவர் முகம் போன போக்கு, இதைத்தான் சொன்னேன். அதுவரை போட்ட முப்பது வீடியோவையும் சேர்த்து எத்தனை பேர் பார்த்தார்களோ அதைவிட அதிகம் பேர் அந்த ஒன்றைப் பார்த்தார்கள். வேதாரண்யத்திலிருந்து ஒருவர், தன் அம்மாவைக் கூட உட்காரவைத்துக் காட்டியதாக எழுதினார்.

ஆகவே உங்களுக்குத் தெரிந்த ஒன்று எதுவோ அதன் கண்ணால் கேமைப் பாருங்கள். நீங்கள் பைக் மெக்கானிக் என்றால் ரேஸ் கேமில் வண்டி வளைவது சரியா என்று சொல்லுங்கள். 'ஸ்டார்டியூ வேலி'யில் நெல் வளர 8 நாள், தண்ணீர் ஓரமாக நட்டால் 6 நாளில் வளரும், பூவாளியும் தேவையில்லை. வாய்க்கால் பாசனத்தில் வளர்ந்தவனுக்கு அது எவ்வளவு சந்தோஷமான விஷயம்! அதைச் சொல்லுங்கள். சலித்துப்போன இடத்தையும் சொல்லுங்கள், எங்கே எழுந்து போய்விட்டீர்கள் என்று. கதையின் திருப்பங்களை மட்டும் சொல்லாதீர்கள். சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் எத்தனையாவது நிமிடத்தில் வரும் என்று முன்னாலேயே அறிவித்துவிடுங்கள்.

பேச்சு நம் வீட்டுப் பேச்சாக இருக்கட்டும். லெவல், பாஸ், லேக் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த சொற்கள், அவற்றை மாற்றவேண்டாம்.

8. பாட்டு எனும் பொறி

ஒரு ஆடி வெள்ளி. இரவு நேரம் வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் மாலையிலேயே பேசிப் பதிந்தேன். பின்னணியில் கோயில் ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு லேசாகக் கேட்டது. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. வீடியோ ஏறிய அரை மணியில் காப்புரிமைக் கோரல் வந்துவிட்டது. யூடியூபின் இயந்திரக் காதுக்கு 20 நொடி போதும்.

கோரல் வேறு, ஸ்ட்ரைக் வேறு. கோரல் வந்தால் பதறி வீடியோவை நீக்கவேண்டாம். பெரும்பாலும் அந்த வீடியோவின் விளம்பர வருமானம் பாட்டுக்குரியவருக்குப் போகும், அவ்வளவுதான். சேனலை நிர்வகிக்கும் யூடியூப் ஸ்டுடியோவிலேயே அந்தத் துண்டை வெட்டலாம், அல்லது ஒலியை அடக்கலாம். உரிமையாளர் புகார் செய்து வீடியோவே நீக்கப்படும்போது வரும் எச்சரிக்கைதான் ஸ்ட்ரைக். அதுதான் ஆபத்து. 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் வந்தால் சேனலே போய்விடும்.

கேமுக்குள்ளேயே வரும் பாட்டும் இப்படித்தான். ஜிடிஏ என்கிற கேமில் காரில் ஏறினால் ரேடியோ பாடும், அதை முதலில் நிறுத்துங்கள். 'சைபர்பங்க் 2077' போன்ற சிலவற்றில் காப்புரிமை உள்ள பாட்டை நிறுத்திவைக்கச் செட்டிங்கிலேயே வசதி இருக்கிறது. வீடியோ போட அனுமதி உண்டா என்பதை பல கேம் நிறுவனங்கள் தங்கள் தளத்தில் எழுதிவைத்திருக்கும். ஒருமுறை படித்துவிடுங்கள். பேச்சே இல்லாமல் வெறுமனே ஆடுவதை மட்டும் போட்டால் பிறகு வருமானத்துக்கு விண்ணப்பிக்கும்போது நிராகரிக்கக்கூடும்.

9. ஏற்றும்போது

20 நிமிட வீடியோ, முழு எச்டி, நொடிக்கு 8 மெகாபிட் என்று வைத்தால் 1.2 ஜிபி வரும். கைப்பேசி டேட்டாவில் ஏற்றினால் அன்றைய கணக்கில் பாதிக்கு மேல் போய்விடும். வீட்டில் ஃபைபர் இருந்தால் பிரச்சினையில்லை, ஏற்றும் வேகம் 5 மெகாபிட் இருந்தாலும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். படுக்கப்போகும்போது ஏற்றிவிட்டு, காலையில் எழுந்து கோரல் ஏதும் இல்லை என்று பார்த்தபின் வெளியிடுங்கள். மாதாந்திர மின்தடை நாளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளுக்கானதா என்று கேட்கும் இடத்தில் யோசித்துப் பதில் சொல்லுங்கள். ஆம் என்றால் கருத்துப் பெட்டி மூடிக்கொள்ளும், விளம்பர வருமானமும் குறையும். கேம் என்பதாலேயே அது குழந்தைகளுக்கானது ஆகிவிடாது. ஆனால் உண்மையிலேயே சின்னப் பிள்ளைகளுக்காக எடுத்தது என்றால் ஆம் என்றுதான் சொல்லவேண்டும்.

10. எப்போது விண்ணப்பிக்கலாம்

விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு கடைசி 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்கவேண்டும், அல்லது ஷார்ட்ஸ் எனும் குறு வீடியோ என்றால் 90 நாளில் ஒரு கோடிப் பார்வை. ஷார்ட்ஸ் ஓடையில் பார்த்த நேரம் அந்த 4,000 மணியில் சேராது. இது தெரியாமல் ஷார்ட்ஸாகப் போட்டுத்தள்ளி ஏமாந்தவர்கள் நிறைய.

கணக்கு போட்டுப் பாருங்கள். ஒருவர் சராசரியாக 6 நிமிடம் பார்த்தால் 40,000 பார்வை வேண்டும். எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. விண்ணப்பித்தபின் பரிசீலனைக்கு ஏறக்குறைய ஒரு மாதம். ஒருவருக்கு ஒரு ஆட்சென்ஸ் கணக்குதான். முன்பு எப்போதோ திறந்து மறந்த கணக்கு இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

11. தபாலில் வரும் பின் எண்

சம்பாதித்தது 10 டாலரைத் தொட்டதும் உங்கள் முகவரிக்கு ஒரு கடிதம் புறப்படும். உள்ளே 6 இலக்க எண். அதை ஆட்சென்ஸில் போட்டால்தான் பணம் வரும். வர இரண்டு மூன்று வாரம் ஆகும். இது பதிவுத் தபால் இல்லை, சாதாரணக் கடிதம். பின்தொடர எண் எதுவும் கிடையாது.

என் முதல் கடிதம் வரவில்லை, இரண்டாவதும் வரவில்லை. நான் முகவரியில் மாரியம்மன் கோயில் எதிரில் என்று எழுதியிருந்தேன். எங்கள் ஊரில் மாரியம்மன் கோயில் இரண்டு. கதவு எண்ணில் பழையது எழுதியிருந்தேன், தபால்காரரோ புதியவர். ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்தும் தபால் ஏட்டில் இருந்தபடி இல்லை.

நீங்கள் செய்யவேண்டியது இது. 10 டாலர் ஆவதற்கு முன்பே தபால் நிலையத்துக்கு நேரில் போங்கள். உங்கள் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுகிறார்கள், எந்தத் துணைத் தபால் நிலையத்தின் கீழ் வருகிறது, அஞ்சல் குறியீடு என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மன்னார்குடி 614001, மயிலாடுதுறை 609001 என்று நகரத்துக் குறியீட்டைப் போடாதீர்கள், கிராமத்துக்கு வேறு இருக்கும். கதவு எண் பழையது புதியது இரண்டையும் எழுதுங்கள். அப்பா பெயரால்தான் ஊரில் தெரியும் என்றால் முகவரி வரியில் அவர் பெயரையும் சேருங்கள். அப்புறம் தபால்காரரைப் பார்த்து, கூகுளிலிருந்து ஒரு கடிதம் வரும் என்று சொல்லி உங்கள் கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிடுங்கள். எனக்கு மூன்றாவது கடிதம் வந்தது அப்படித்தான். அவர் போன் பண்ணி, வயலுக்கே கொண்டுவந்து கொடுத்தார்.

கடிதம் வரவில்லையென்றால் மறுபடி அனுப்பக் கேட்கலாம், ஆனால் மூன்று முறைதான். முதல் கடிதத்திலிருந்து நான்கு மாதத்துக்குள் எண்ணைப் போடாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். அந்தக் கட்டம் வந்தால் அடையாள அட்டையை ஏற்றிச் சரிபார்க்கும் வழி திறக்கும். அதிலும் பெயர் ஒன்றாக இருக்கவேண்டும், முதல் படியை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

12. விளம்பரம் செய்யச் சொல்லி வருகிறவர்கள்

சந்தாதாரர்கள் இரண்டாயிரம் ஆவதற்குள் எனக்கு முதல் அழைப்பு வந்தது. காசு கட்டி ஆடுகிற ஆப் ஒன்றைப் பற்றி ஒரு நிமிடம் பேசினால் 15,000 ரூபாய். அதுவரை யூடியூபில் நான் சம்பாதித்ததைவிட அது அதிகம்.

தொடவே தொடாதீர்கள். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025ஆம் ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த இணையவழி விளையாட்டுச் சட்டம் தடைசெய்கிறது. விளம்பரம் செய்கிறவருக்கே 2 வருடம்வரை சிறை, 50 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். ஆப்புக்காரர் எங்கோ இருப்பார், வீடியோவில் இருப்பது உங்கள் முகம். சட்டத்தை விடுங்கள், நம் வீடியோவைப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் குறுவைப் பணத்தைக் கையில் வைத்திருக்கும் பையன்கள். அவர்களிடம் போய் இதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நல்ல கேம் நிறுவனம் இலவசமாகக் கேம் கொடுத்தால் வாங்கலாம். ஆனால் இலவசமாகக் கிடைத்தது என்று வீடியோவின் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். காசு வாங்கியிருந்தால் யூடியூபில் கட்டண விளம்பரம் என்று குறிக்கும் பெட்டியிலும் டிக் போடுங்கள்.

13. வரிப் படிவமும் முதல் பணமும்

ஆட்சென்ஸில் அமெரிக்க வரிப் படிவம் ஒன்று இருக்கும், டபிள்யூ-8பென் என்று பெயர். நிரப்ப 15 நிமிடம் ஆகும், பான் எண்ணைக் கேட்கும். நமக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள வரி ஒப்பந்தத்தைக் காட்டினால், அமெரிக்காவில் இருந்து பார்த்தவர்களால் வந்த வருமானத்தில் மட்டும் 15 சதவீதம் பிடிப்பார்கள். நம் பார்வையாளர்கள் பெரும்பாலும் இங்கேதான் என்பதால் அது சொற்பம். படிவமே கொடுக்காவிட்டால் மொத்த வருமானத்திலும் 24 சதவீதம்வரை போகும்.

வங்கி விவரத்தில், வெளிநாட்டுப் பணத்துக்காக வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் குறியீடு கேட்கும். கிராமத்துக் கிளைகளுக்குப் பெரும்பாலும் அது இருக்காது. என் கிளையில் அப்படி ஒன்று கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதே வங்கியின் பெரிய கிளையில் கேட்டபோது, வெளிநாட்டுப் பணத்தைக் கையாளும் கிளையின் குறியீட்டைக் கொடுத்தார்கள், அது வேலை செய்தது. இணையத்தில் கிடைக்கும் குறியீட்டை அப்படியே போடாதீர்கள், வங்கியில் எழுதி வாங்குங்கள். சாதாரணச் சேமிப்புக் கணக்கே போதும்.

100 டாலர் சேர்ந்தபின், அடுத்த மாதம் 21இலிருந்து 26ஆம் தேதிக்குள் அனுப்புவார்கள். நம் கணக்குக்கு வர மேலும் சில நாள். நடுவில் வங்கியிலிருந்து போன் வரலாம், எதற்காக வந்த பணம் என்று கேட்பார்கள். கூகுள் விளம்பர வருமானம் என்று சொல்லி, ஆட்சென்ஸில் இருக்கும் பணம் அனுப்பிய ரசீதை அச்செடுத்துக் கொண்டுபோங்கள். முதல் முறை மட்டும்தான் இந்த அலைச்சல். எனக்கு வந்தது எட்டாயிரத்துச் சொச்சம், வங்கிக் கட்டணம் போக. பாஸ்புக்கில் பதிந்து வாங்கிக்கொண்டு, ரசீதையும் ஒரு கோப்பில் போட்டுவையுங்கள். வருமான வரிக் கணக்கில் காட்டும்போது இரண்டும் வேண்டியிருக்கும்.